இனிக்கும் குளிர்நீர்

கடலூர் நீர்முனையத்தில் விடிவதற்குள் லாரிகள் வரிசை பிடித்துவிடும். நிதிலா தன் வண்டியின் முகப்பைத் தூக்கி நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குவாள். முதலில் விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். அடுத்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் பிசைந்து பார்ப்பாள். உள்ளே நொறுநொறுவென்றாலும் சரி, பஞ்சு மாதிரி அமுங்கினாலும் சரி, மாற்றித்தான் ஆக வேண்டும். தண்ணீர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளையில் விரலை வைப்பாள். ஈரம் தட்டினால் பம்பின் சீல் போகப்போகிறது என்று அர்த்தம். கடைசியில், ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையே அடைந்துகிடக்கும் தூசியையும் செத்த பூச்சிகளையும் எஞ்சின் பக்கமிருந்து காற்றடித்து வெளியே தள்ளுவாள். முன்பக்கமிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகிக்கொள்ளும்.

இந்த வேலைக்கு வெப்பக்காவலர் என்று பெயர். ஒவ்வொரு தண்ணீர் லாரிக்கும் ஓர் ஓட்டுநர், ஒரு வெப்பக்காவலர். பகல் வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டத் தொடங்கியதும் மின்கல லாரிகள் நடுச்சாலையில் தீப்பிடித்து எரிந்தன. அப்போதுதான் பழைய டீசல் வண்டிகளைக் கிடங்குகளிலிருந்தும் காயலான் கடைகளிலிருந்தும் தேடிப்பிடித்து ஓட்டக் கொண்டுவந்தார்கள். டீசல் எஞ்சின் எதையும் தாங்கும். தன் சூட்டை மட்டும் தாங்காது. வெளியே காற்றே கொதிக்கும்போது எஞ்சின் தன் வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? அதைப் பார்த்துக்கொள்ளத்தான் நிதிலா. அவள் வண்டியின் கருவிப்பலகையில் கைரேகை வைத்து, எஞ்சின் தகுதியாக இருக்கிறது என்று சொன்னால்தான் வண்டி நகரும். அவள் இல்லாமல் வண்டி நகராது.

நீர்முனையம் குடிநீராக்கிய கடல்நீரைச் சங்ககிரி வரைக்கும் கொண்டுபோவது, நீர்த்தொடர் என்கிற அவர்களுடைய லாரி வரிசையின் வேலை. ஒரு வண்டி வழியில் படுத்தால் ஊரில் சில தெருக்களுக்கு அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. அதனால் மேட்டுநீர் வாரியம் ஒரு விதி வைத்திருந்தது: முதல் தண்ணீர் எஞ்சினுக்கு, இரண்டாவது ஓட்டிப்போகிறவர்களுக்கு. மூன்றாவதாக யாருமே அந்த விதியில் இல்லை.

மூன்றாவது ஆட்கள் சாலையோரத்தில் இருந்தார்கள். கடல் ஏறிவந்து ஊர்களை விழுங்கியதும் உள்நாட்டுக்கு நடந்து வந்தவர்கள். எந்த ஊரிலும் அவர்களுக்கு ஊர்ப்பதிவு இல்லை. பதிவு இல்லாதவர்களுக்குக் குழாயும் இல்லை. தொட்டிகளின் கனத்த பூட்டை அவர்களால் உடைக்க முடியாது. ஆனால் ரேடியேட்டரின் அடியில் ஒரு வடிதிருகு இருக்கிறது. இரண்டு சுற்றுச் சுற்றினால் தண்ணீர் கொட்டும்.

அதற்குத்தான் வாரியம் எல்லா வண்டிகளின் முகப்பிலும் மண்டையோடு வரைந்து, கீழே 'விஷம்' என்று சிவப்பில் எழுதிவைத்திருந்தது. உள்ளே ஓடியதென்னவோ நீர்முனையத்தின் சுத்தமான தண்ணீர்தான். உப்பு நீக்கிய தண்ணீரென்பதால் குழாய்களில் சுண்ணாம்பு படியவில்லை. வேறு எதையும் கலக்கவும் தேவைப்படவில்லை. முதலில் சாலையோரத்தார் பயந்தார்கள். பிறகு யாரோ தாகம் பொறுக்காமல் குடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் அந்த மண்டையோடு பிள்ளைகள் விளையாட்டாகக் கேலி செய்யும் படமாகிப் போனது.

நிதிலாவுக்கு இதெல்லாம் தெரியும். எல்லா வெப்பக்காவலர்களுக்கும் தெரியும். சின்னசேலத்தைத் தாண்டி ஒரு மேம்பாலம் இருக்கிறது. உச்சி வெயிலில் எஞ்சினை ஓட்டக் கூடாதென்பதால் முற்பகலில் நீர்த்தொடர் அதன் நிழலில் ஒதுங்கும்; வெயில் தாழ்ந்துதான் மறுபடி கிளம்பும். பாலத்துக்கு அடியில் சில குடும்பங்கள் தார்ப்பாய் கட்டி இருந்தன. அங்கே ஜெபராஜ் இருந்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே ஏதோ ஒரு கடற்கரைக் கிராமம். அது இப்போது வரைபடத்தில் இல்லை. அங்கே படகு எஞ்சின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். வண்டி வந்து நின்றதும் ஒரு மென்தூரிகையோடு வந்து ரேடியேட்டர் தகடுகளைச் சுத்தம் செய்வான். நிதிலா ஆறிப்போன எஞ்சினைத் திறந்து, 'பழைய தண்ணீர் மாற்றினேன்' என்று பதிந்துவிட்டு, ஒரு குடம் வடித்துக் கொடுப்பாள்.

"விஷம் இவ்வளவு போதுமா, ஜெபா?" என்பாள்.

"இன்னொரு செம்பு விஷம் ஊத்துங்கக்கா. வீட்டுக்கு விருந்தாளு வந்திருக்காவ" என்பான் அவன். அவன் மனைவி ஷெரின் தார்ப்பாய்க்குள் இருந்தபடியே சிரிப்பாள்.

அன்று காலை நீர்முனையத்தில் எல்லா வண்டிகளின் ரேடியேட்டர்களையும் காலி செய்யச் சொன்னார்கள். உள்ளே இருந்த தண்ணீரை வடித்து, அலசி, தெளிவாக வரும்வரை மறுபடி அலசி, பிறகு நீல நிறப் பீப்பாய்களிலிருந்து ஒரு திரவத்தை ஊற்றினார்கள். முனையத்தின் பொறியாளர் ரித்விக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதைத் தாண்டாத வயது. எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர்.

"என்னங்க சார் இது?"

"புதுக் குளிர்நீர் மேடம், கூலன்ட். தண்ணீர்ல பாதிக்குப் பாதி கிளைக்கால்னு ஒரு ரசாயனம். சீக்கிரம் கொதிக்காது. போன மாசம் எத்தனை வண்டி கொதிச்சு நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

அது உண்மைதான். நிதிலா பீப்பாயின் மூடியைத் திறந்து பார்த்தாள். திரவம் தண்ணீரைப் போலவே இருந்தது, நிறமில்லை. முகர்ந்தாள், வாசனையுமில்லை. பட்டயப் படிப்பில் அவள் படித்த குளிர்நீர் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும். நாயோ குழந்தையோ தெரியாமல் நக்கினாலும் துப்பிவிட வேண்டும் என்று அதில் கசப்பும் கலந்திருப்பார்கள்.

"இதுல கலர் போடலீங்களா சார்?"

"போடலை."

"கசப்பு?"

ரித்விக் பீப்பாயைப் பார்த்தார். "அது எஞ்சினுக்குத் தேவையில்லை மேடம்."

"குடிச்சா செத்துருவாங்களேங்க."

"முகப்புல விஷம்னு எழுதியிருக்கே" என்றார் அவர்.

நிதிலா பீப்பாயின் மூடியை இறுக்கிவிட்டு வண்டிக்கு நடந்தாள். ஓட்டுநர் சஞ்சித் தன் இருக்கையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சங்ககிரிக்காரர். அவள் ஏறி உட்கார்ந்ததும், "கைரேகை வெய்யி அம்மிணி. கெளம்பலாம்" என்றார். வைத்தாள். சங்ககிரியில் அவளுடைய மகளும் கணவனும் அந்தத் தொட்டித் தண்ணீருக்காகத்தான் காத்திருந்தார்கள். வண்டி கிளம்பியது.

வண்டி விருத்தாசலத்தைத் தாண்டியது. அதற்கப்புறம் சஞ்சித் தானாகவே சொன்னார்: "பாலத்துக்குப் போனதும் அந்தப் பையன்கிட்ட மொதல்லயே சொல்லிப்போடு. மத்த வண்டிக்காரங்ககிட்டயும் சொல்லச் சொல்லு."

"சொல்றனுங்ணா."

சொன்னாள். வண்டி நின்றதும் முதல் வேலையாக இறங்கிப்போய்ச் சொன்னாள். ஜெபராஜ் தூரிகையும் கையுமாக வந்துகொண்டிருந்தான்.

"ஜெபா, இன்னைக்குத் தண்ணி கெடையாது. ரேடியேட்டர்ல இருக்கறது நெசமாவே விஷம். எந்த வண்டியிலயும் தொட்டுப்போடாத."

அவன் சிரித்தான். "சரிக்கா. ரெண்டு குடம் விஷம் குடுங்க."

"வெளையாடலடா. புது மருந்து ஊத்தியிருக்காங்க. குடிச்சா கிட்னி போயிரும். ஆள் பொழைக்காது."

அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஆனால் முகத்தில் பயம் வரவில்லை, வேறெதுவோ வந்தது. வண்டியின் அடியில் குனிந்து, வடிதிருகின் முனையில் தொங்கிய ஒரு துளியை விரலால் தொட்டான். அவள் கையைப் பிடித்து இழுப்பதற்குள் அதை நாக்கில் வைத்துவிட்டான்.

"துப்பு! துப்புடா!"

துப்பினான். பிறகு அவளைப் பார்த்தான். "இனிக்குது" என்றான்.

"அது அப்படித்தான் இனிக்கும். அதுதான் அதோட கேடு."

"இனிக்குத தண்ணிய எஞ்சினுக்கு ஊத்துதாவளா?" அவன் குரல் தணிந்திருந்தது. "அக்கா, நீங்க மேல உள்ளவங்க சொல்லச் சொன்னதச் சொல்லுதீங்க. உங்க மேல கோவம் இல்ல. முன்னாடியும் விஷம்னுதானே எழுதி வச்சிருந்தாவ? நாங்க குடிச்சிட்டுத்தானே இருக்கோம்?"

"அது பொய்யி. இது நெசம்."

"எது பொய், எது நெசம்னு எங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

அவள் தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். மகள் மேல் சத்தியம் செய்தாள். சஞ்சித்தும் இறங்கி வந்து, "சொன்னாக் கேளு கண்ணு, இது வேற" என்றார். ஜெபராஜ் தலையாட்டினான். அது நம்பியவனின் தலையாட்டல் இல்லையென்று இருவருக்குமே தெரிந்தது. நிதிலா தன் பங்கிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை அவன் கையில் கொடுத்தாள். "ஷெரின் எங்க?" என்று கேட்டாள்.

"காய்ச்சலாக் கெடக்கா. ரெண்டு நாளா எந்திரிக்கல. நாக்கு வறண்டுபோய்க் கெடக்கு."

அவள் மற்ற வண்டிகளுக்கும் நடந்தாள். காவலர்களில் சிலர் வடிதிருகைக் கம்பியால் கட்டிவிட்டிருந்தார்கள். சிலர், "எழுதித்தான இருக்குது" என்றார்கள். ஒருவன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நிதிலா தன் வண்டியின் திருகையும் கம்பி சுற்றி முறுக்கினாள். வெயில் ஏறிவிட்டது. வண்டிக்குள் சின்ன மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்தவள், கண்ணசந்துவிட்டாள்.

வெயில் தாழ்ந்து எழுந்ததும் ரேடியேட்டரைத்தான் முதலில் பார்த்தாள். கம்பி கட்டியது கட்டியபடி இருந்தது. நிம்மதியோடு நிமிர்ந்தபோது பின்னால் இருந்த வண்டியின் காவலன் கத்தினான்: "என்ற வண்டியில நிறையக் கொறஞ்சிருக்குது! எவனோ வடிச்சிருக்கான்!" அது, கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தவனின் வண்டி.

அவள் தார்ப்பாயை நோக்கி ஓடினாள்.

ஷெரின் உட்கார்ந்திருந்தாள். பாலத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, தலை ஒரு பக்கம் சரிந்து, நிதிலாவைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்கக்கா" என்றாள். நாக்கு குழறியது. எழுந்து நிற்க முயன்று ஒருக்களித்து விழப்போனாள், ஜெபராஜ் பிடித்துக்கொண்டான்.

"நல்லா இருக்காக்கா" என்றான் அவன் அவசரமாக. "காய்ச்சலுக்கு இது நல்லதா இருக்கும்னு நெனச்சேன். குளுக்கோஸ் மாதிரி இனிக்குதே, தெம்பு வரும்னு நெனச்சேன். குடிச்சதுலேருந்து சிரிச்சிட்டேதான் இருக்கா. கொஞ்சம் தள்ளாடுதா, அவ்வளவுதான்."

"எவ்வளவு குடிச்சா?"

அவன் காலியாகிவிட்ட குடத்தைக் காட்டினான். "பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் ரெண்டு செம்பு குடுத்தேன்."

"நீ?"

"எனக்கு எதுக்கு? அவளுக்காகத்தான எடுத்தேன்."

பக்கத்துக் குடும்பத்தார் ஒரு வாய் குடித்துவிட்டு, இனிப்பாக இருக்கிறதே, பிறகு பிள்ளைகளுக்கு ஆகும் என்று மூடி வைத்திருந்தார்கள். நிதிலா அதைப் பிடுங்கி மண்ணில் கொட்டினாள். அந்த வீட்டுக்காரி தரையில் ஊறிப்போன ஈரத்தையும் நிதிலாவையும் மாறி மாறிப் பார்த்தாள். தண்ணீரைத் தரையில் கொட்டுகிற மனுஷியை அவள் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டாள்.

சஞ்சித் தன் இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பிராந்தி பாட்டிலோடு ஓடிவந்தார். கிளைக்காலுக்குச் சாராயம்தான் கைமருந்து. அது ஈரலை மறித்து, விஷம் விஷமாக மாறுவதைத் தள்ளிப்போடும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நிதிலா பக்கத்துக் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் ஒரு மடக்கு கொடுத்தாள். மிச்சத்தை ஷெரினின் வாயைத் திறந்து ஊற்றினாள். பாதி வழிந்தது. ஷெரின் வாந்தி எடுத்தாள்.

"சாராயமாக்கா?" என்றான் ஜெபராஜ். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் ரத்தம் வற்றியதுபோல் ஆகிவிட்டது. "அப்ப நெசமா? அக்கா, நெசமாவா?"

"தூக்கு அவள. வண்டியில ஏத்து."

சாலையோரத்தாரை ஏற்றக் கூடாதென்பது விதி. சஞ்சித் கதவைத் திறந்துவிட்டார். ஷெரினைப் பின்படுக்கையில் கிடத்தினார்கள். நீர்த்தொடர் நகர்ந்தது. ஆத்தூரை நெருங்கும்போது நிதிலா வயர்லெஸ் கருவியை எடுத்து நீர்த்தொடரின் தலைவருக்குச் சொன்னாள்: "எங்க வண்டி சூடேறுதுங்க. ஓரங்கட்டணும்."

"பலகையில சூடு சரியாத்தானே காட்டுது?" என்றது மறுமுனை.

"பலகை தப்பாக் காட்டுதுங்க. வெப்பக்காவலர் நான் சொல்றேன்."

மற்ற வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு முந்திப் போயின. சஞ்சித் நகருக்குள் வண்டியைத் திருப்பினார்.

ஆத்தூர் மருத்துவமனையில் பதிவட்டை கேட்டார்கள். நிதிலா வாயெடுப்பதற்குள், உள்ளேயிருந்து வந்த டாக்டர் ஷெரினைப் பார்த்துவிட்டு, "அட்டையெல்லாம் அப்புறம்" என்று உள்ளே தூக்கச் சொன்னார். வயதான பெண்மணி, மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். என்ன குடித்தாள், எப்போது குடித்தாள், எவ்வளவு என்று கேட்டார். கேட்டு முடித்ததும் ஜெபராஜை வெளியே உட்காரச் சொன்னார்.

"ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும்" என்றார் நிதிலாவிடம். "டயாலிசிஸ். நாலு மணி நேரம் ஓடணும், திரும்பத் திரும்ப ஓடணும். அதுக்கு எவ்வளவு தண்ணி வேணும்னு தெரியுமாம்மா? இங்க அதை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. மெஷினையே கழட்டிச் சேலத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க."

"சேலத்துக்குக் கொண்டுபோறனுங்க."

"அங்க பதிவு இல்லாதவங்களுக்கு மெஷின் கிடையாது. வாசல்லயே திருப்பிருவாங்க. கொண்டுபோற வழியில ஃபிட்ஸ் வந்தா என்ன பண்ணுவ? நான் என்னால ஆனதைச் செய்யறேன். சாராயம் ஏத்தறேன். வேற மருந்து எங்கிட்ட இல்லை."

நிதிலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மருத்துவமனை வாசலில் அவளுடைய வண்டி நின்றிருந்தது, தொட்டி நிறையத் தண்ணீரோடு. சஞ்சித் அதன் பின்புறத்தில் நின்று பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஜாக்கிக் கம்பி இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கம்பியைக் கீழே போட்டார். தண்ணீர் இருந்தது, மெஷின் இல்லை. மெஷின் இருந்த ஊரில் அவளுக்குப் பேர் இல்லை.

ஷெரினையும் ஜெபராஜையும் ஆத்தூரில் விட்டுவிட்டு வண்டி கிளம்பியது. அன்று இரவு சங்ககிரியில் அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் தாமதமாகத்தான் கிடைத்தது. நிதிலாவின் மகள் குடத்தை வைத்துக்கொண்டு வாசலிலேயே தூங்கிப்போயிருந்தாள்.

ஷெரின் மறுநாள் இறந்தாள். சிறுநீர் முழுதாக நின்றுபோய், மூச்சு இரைத்து, கடைசியில் ஆளை அடையாளம் தெரியாமல் ஆகிவிட்டதாக டாக்டர் தொலைபேசியில் சொன்னார். பக்கத்துக் குடும்பம் பிழைத்துக்கொண்டது. ஜெபராஜ் ஒரு காய்கறி வண்டியைப் பிடித்து உடலைப் பாலத்துக்குக் கொண்டுபோய், அங்கேயே ஓரமாகப் புதைத்துவிட்டானாம்.

செய்தி சாலை நெடுகப் பரவியது. யாரும் பறையடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் கடலூரிலிருந்து சங்ககிரி வரைக்கும் எல்லாப் பாலத்தடிக்கும் எல்லாப் புளியமரத்தடிக்கும் போய்ச் சேர்ந்தது. ரேடியேட்டர் திருட்டு நின்றுபோனது. வண்டிகள் கொதித்து நிற்பதும் குறைந்தது. நீர்முனையத்தில் ஒரு கூட்டம் போட்டு இனிப்பு கொடுத்தார்கள். நிதிலா அதைத் தொடவில்லை. கூட்டம் கலைந்ததும் ரித்விக்கின் அறைக்குப் போனாள்.

"அதுல கசப்புச் சேர்க்கச் சொல்லுங்க சார். ஒரு பீப்பாய்க்கு ஒரு சொட்டுப் போதும். எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது, உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றார் அவர். கொஞ்ச நாளாக அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நான் கேட்டுட்டேன் மேடம். முதல் வாரமே கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கசந்தா துப்பிருவான். துப்பினவன் அடுத்த வண்டியில திறந்து பார்ப்பான்னு சொன்னாங்க." அவர் குனிந்துகொண்டார். "மண்டையோடு இருந்தும் அத்தனை வருஷம் திருடினாங்க மேடம். ஒரு வண்டி நின்னா எத்தனை தெரு காயுதுன்னு நீங்களும் பார்த்திருக்கீங்க. உங்க தெருவும்தான். இதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் அவளை மிகவும் வதைத்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தையாவது பொய்யாக இருந்திருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு கத்தியிருப்பாள்.

நிதிலா தன் பங்குத் தண்ணீரில் மிச்சம் பிடிக்க ஆரம்பித்தாள். சஞ்சித்தும் தன் பங்கில் பாதியைக் கொடுத்தார். ஒரு கேன் நிறைந்ததும், பாலத்தில் வண்டி நின்ற ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு தார்ப்பாய்களை நோக்கி நடந்தாள். ஷெரின் போனபிறகு ஜெபராஜ் வண்டிப் பக்கம் வருவதே இல்லை. இப்போதும் எழுந்து வரவில்லை. வெறுப்போடு பார்ப்பான் என்று எதிர்பார்த்தாள், அதுவும் இல்லை. "உக்காருங்கக்கா" என்றான். தாடி மண்டியிருந்தது. உதடுகள் வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தன.

"குடிதண்ணி, ஜெபா. என்ற பங்கு. ரேடியேட்டர்ல எடுத்ததில்ல."

அவன் கேனைப் பார்த்தான். பக்கத்துத் தார்ப்பாய்களிலிருந்தும் பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

நிதிலா மூடியைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றித் தானே குடித்தாள். முழுதாகக் குடித்துவிட்டு, காலியான டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். "பாரு. ஒண்ணுமில்ல."

"அது உடனே காட்டாதுல்லாக்கா" என்றான் அவன் மெதுவாக. "ஷெரினும் மத்தியானம் பூரா சிரிச்சிட்டுத்தான் இருந்தா."

"என் மேல சந்தேகமா?"

"உங்க மேல இல்லக்கா." அவன் கைகளைக் கோத்துக்கொண்டான். "நீங்க அன்னைக்கு நெசத்தச் சொன்னீய. நாந்தான் நம்பல. நம்பாம, என் கையாலேயே ஊத்திக் குடுத்தேன். இனிமே யாரு எதக் குடுத்தாலும் இங்க உள்ளவங்களுக்கு நான் எதச் சொல்லிக் குடிக்கச் சொல்லுவேன்? விஷம்னு எழுதினதுல தண்ணி இருந்துச்சு. அப்புறம் அதுலயே விஷம் இருந்துச்சு. பாத்தாலும் தெரியல, மோந்தாலும் தெரியல, ருசிச்சாலும் தெரியல. அப்ப நாங்க எத வச்சுத்தான் பாக்கது?"

"நான் இங்கயே உக்காந்திருக்கறன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு பாத்துட்டு நீங்க குடிங்க."

"நாளைக்குக் காலம்பற வரைக்கும் இருப்பீங்களா?"

அவள் வாய் திறக்கும்போதே பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து முதல் ஹாரன் கேட்டது. வெயில் தாழ்ந்துவிட்டது. நீர்த்தொடர் கிளம்புகிறது. அவள் கைரேகை இல்லாமல் அவளுடைய வண்டி நகராது. அவளுடைய வண்டி நகராமல், குறுகலான பாலத்தடியில் பின்னாலிருக்கும் எந்த வண்டியும் நகர முடியாது. சங்ககிரியில் குடங்கள் வரிசையில் இருக்கும். அவள் உட்கார்ந்தே இருந்தாள். இரண்டாவது ஹாரன் நீளமாகக் கேட்டது. யாரோ தூரத்தில் அவள் பேரைச் சொல்லிக் கத்தினார்கள்.

"போங்கக்கா" என்றான் ஜெபராஜ். "நீங்க போகலன்னா வந்து எங்களத்தான் அடிப்பாங்க."

எழுந்தாள். கேனை எடுத்துப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்; மனசு வரவில்லை. "வெச்சுட்டுப் போறன். நாளைக்குத் திரும்பி வர்றப்ப என்னைப் பாத்துட்டுக் குடிங்க" என்றாள்.

அவன் கேனிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தான்.

மறுநாள் காலி வண்டியோடு திரும்பும்போது சஞ்சித் தானாகவே பாலத்தில் நிறுத்தினார். நிதிலா இறங்கினாள். தார்ப்பாய்கள் இல்லை. அடுப்புக் கற்கள் கிடந்தன. ஓரத்தில் ஷெரினைப் புதைத்த மேட்டில் புதிதாக முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். குடங்களையும் பாய்களையும் சுமந்துகொண்டு அவர்கள் சாலையை விட்டே விலகி, காட்டுப் பக்கமாக இறங்கிப் போயிருந்தார்கள். மண்ணில் காலடிகள் தெரிந்தன. அந்தப் பக்கம் ஏரியும் இல்லை, கிணறும் இல்லை, எந்த வண்டியும் போவதில்லை.

கேன் வைத்த இடத்திலேயே இருந்தது. தண்ணீரில் ஒரு வாய்கூடக் குறையவில்லை. எந்தக் குழந்தையும் தவழ்ந்து போய்த் தொட்டுவிடக் கூடாதென்று, அதைச் சுற்றி யாரோ கல் அடுக்கி வைத்திருந்தார்கள்.